அவலட்சணமான இரயில் இயந்திரங்கள்

நீராவி இரயில் வண்டி ஒன்றை வரையுமாறு ஓவிய வகுப்பில் கூறினால், மாணவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைகின்றனர். நீண்ட உருளை வடிவிலே ஒரு கொதிகலன். அதன் முன்புறத்தில் புகைப்போக்கி. பின்புறத்தில் கூரையிட்ட ஓட்டுநர் அறை. அதனை அடுத்துக் கரியும் நீரும் ஏற்றிய பெட்டி. நம் நாட்டில் நீராவி வண்டிகளின் ஓட்டம் நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அவற்றைக் கண்ணாற் கண்டிராத சிறுவரும் சிறுமியரும் இவ்வுருவத்தைப் பிழையின்றி வரைவது வியப்புக்குரியதே.

எனினும், இரயில் வரலாற்றில் இவ்வுருவத்திற்குச் சற்றும் ஒவ்வாத இயந்திரங்களும் பல தோன்றியுள்ளன. சில பிஸ்கட் டின்னைப் போன்றிருந்தன. சில ஒட்டகத்தைப் போன்றிருந்தன. சில பின்பக்கமாக ஓடுவன போலத் தோன்றின. கண்டோர் நகைத்தனர், பட்டப்பெயர் சூட்டினர். நாமும் அவற்றின் படங்களைக் கண்டால் முதலில் நகைக்கவே செய்வோம். நகைத்து முடிந்தபின் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தல் நன்று. இவ்வுருவம் ஏன் வந்தது என்பது முதற் கேள்வி. அதனுள்ளே நின்று வேலை செய்தவனின் நிலை என்னவாயிற்று என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டிற்கும் விடை தெரிந்த பின்னர், எது அழகு, எது அவலட்சணம் என்பதில் நம் கருத்து மாறக்கூடும்.

முதலில், நீராவி இயந்திரம் இயங்கும் முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். கொதிகலனின் பின்முனையில் அடுப்பு உள்ளது. அதில் எரியும் நெருப்பின் அனலும் புகையும், கொதிகலனின் ஊடே செல்லும் பல குழாய்களின் வழியாக முன்முனைக்குச் சென்று, புகைப்போக்கியால் வெளியேறுகின்றன. செல்லும் வழியில் குழாய்களைச் சூழ்ந்துள்ள நீரை அவை கொதிக்கச் செய்கின்றன. அவ்வாறு எழும் நீராவி, சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அடுப்பு பின்னால் இருப்பதால், கரி அள்ளிப் போடும் பயர்மேனும் பின்னால் நிற்கிறார். அவருக்கு அருகிலேயே ஓட்டுநரும் நிற்கிறார். ஆகவே நாம் வரையும் அப்பழைய உருவம் அழகுக்காக ஏற்பட்டதன்று; அடுப்பின் இடத்தைப் பொறுத்து ஏற்பட்டதாகும்.

தொடக்க காலத்தில் இவ்வுருவமும் உறுதிப்படவில்லை. வழவழப்பான சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தின்மீது வழுக்கும். பாரம் இழுக்காது என்று சிலர் அஞ்சினர். அதனால் 1813-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பிரண்டன் என்பவர், பின்புறத்தில் குதிரையின் கால்களைப்போல் இரண்டு இரும்புக் கால்கள் பொருத்திய இயந்திரமொன்றைச் செய்தார். அது தரையை உதைத்துத் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு நடந்தது. 1815-இல் அதன் கொதிகலன் வெடித்து, சுற்றி நின்றோர் பலர் மாண்டனர். 1829-இல் ரெயின்ஹில் என்னுமிடத்தில் நடந்த புகழ்பெற்ற போட்டிக்கு, ஒரு குதிரையையே வண்டியின்மேல் ஏற்றி, ஓடும் பட்டையின்மீது நடக்கவைத்துச் சக்கரங்களைச் சுழற்றும் 'சைக்ளோப்பெட்' என்னும் பொறியையும் ஒருவர் கொண்டுவந்தார். அப்போட்டியில் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' வென்றதை மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். குதிரையைப் பற்றிப் பாடநூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை!

அயர்லாந்தில் லிஸ்டோல், பாலிபனியன் என்னும் இரண்டு ஊர்களுக்கிடையே 1888-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் திறக்கப்பட்ட இரயில் பாதை இன்னும் விந்தையானது. அதன் நீளம் சுமார் 9 மைல். அங்கே இரண்டு தண்டவாளங்கள் இல்லை. ஏணியை விரித்து நிறுத்தினாற்போன்ற இரும்புக் கால்களின் உச்சியில், மனிதன் இடுப்பளவு உயரத்தில், ஒற்றைத் தண்டவாளம் ஓடியது. கழுதையின் முதுகில் இருபுறமும் பொதி தொங்குவதுபோல, வண்டிகள் அத்தண்டவாளத்தின் இருபுறமும் தொங்கின. இயந்திரத்திற்கும் இரண்டு கொதிகலன்கள். வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. ஒருபுறம் பாரம் கூடினால் சமநிலை கெட்டுவிடும். ஆதலால் பயணிகளை எண்ணி எண்ணி இருபுறமும் அமர்த்தினர். ஒருமுறை பியானோ ஒன்றை அனுப்ப வேண்டியிருந்ததாம். அதற்கு ஈடாக மறுபுறத்தில் ஒரு பசுவை ஏற்றினார்களாம். பியானோவை இறக்கிய பின் பசுவை எப்படித் திருப்பி அனுப்புவது? இரண்டு கன்றுகளை மறுபுறம் ஏற்றிப் பசுவைக் கொண்டுவந்து சேர்த்து, பின்பு கன்றுகளைப் புறத்திற்கு ஒன்றாக ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள் என்பது அவ்வூரார் சொல்லும் கதை. கதை எவ்வாறாயினும், அப்பாதை 1924 வரை, 36 ஆண்டுகள் ஓடியது என்பது உண்மை. இது வேடிக்கை. இனி நாம் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டியவற்றிற்கு வருவோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எப்ரெய்ம் ஷே என்னும் மரவெட்டு முதலாளி ஒருவர் இருந்தார். பனிக்காலத்தில் மட்டுமே மரங்களைச் சறுக்கு வண்டியில் இழுத்து வர முடிந்தது. ஆண்டு முழுவதும் வேலை நடக்க வேண்டுமாயின் காட்டிற்குள் இரயில் வேண்டும். காட்டுப் பாதையோ மேடும் பள்ளமும் வளைவும் நிறைந்தது. சாதாரண இயந்திரம் அங்கே தடம்புரளும். ஷே ஒரு வழி கண்டார். சிலிண்டர்களைச் செங்குத்தாக வலப்புறத்தில் நிறுத்தினார். அவற்றிலிருந்து ஒரு நீண்ட சுழல்தண்டு வண்டியின் பக்கவாட்டில் ஓடிப் பற்சக்கரங்களின் மூலம் எல்லாச் சக்கரங்களையும் சுழற்றியது. எல்லாம் வலப்புறத்தில் சேர்ந்துவிட்டதால், எடையைச் சரிசெய்யக் கொதிகலனை இடப்புறமாக ஒதுக்கி வைத்தார். முன்னால் நின்று பார்த்தால், தலையில் சுமையைக் கோணலாக வைத்து நடப்பவரைப்போல் அது தோன்றும். வேகம் இல்லை, ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் சளைக்காமல் ஏறும். 1881-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1945 வரை 2,700-க்கும் மேற்பட்ட ஷே இயந்திரங்கள் செய்யப்பட்டன. தைவான் நாட்டின் அலிஷான் மலைக்காட்டு இரயிலிலும் இவை மரம் இழுத்தன. காட்டில் வேலை செய்வோருக்கு அதன் கோணல் ஒரு குறையாகத் தோன்றியிராது.

இனி, பிஸ்கட் டின்னைப் பற்றிப் பேசுவோம்.

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்தின் தென்பகுதியில் 'சதர்ன் ரெயில்வே' என்னும் நிறுவனம் இரயில்களை நடத்தி வந்தது. (இது தமிழ்நாட்டின் தென்னக இரயில்வே அன்று, பெயர் மட்டுமே ஒன்று.) அதன் தலைமைப் பொறியாளர் ஆலிவர் புல்லீட் என்பவர் நியூசிலாந்தில் பிறந்தவர், புதுமையில் பெருவிருப்பம் கொண்டவர். போருக்கான தளவாடங்களை இழுக்க வலிமைமிக்க சரக்கு இயந்திரங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. இரும்போ கிடைத்தற்கரியதாய் இருந்தது. மேலும், இலேசான பாலங்களையுடைய கிளைப்பாதைகளிலும் அவ்வியந்திரங்கள் செல்ல வேண்டும். ஆகவே எடை மிகக்கூடாது.

புல்லீட், இயந்திரத்திலிருந்து எதையெல்லாம் நீக்கலாம் என்று பார்த்தார். கொதிகலனின் இருபுறமும் நடப்பதற்காக அமைக்கும் நீண்ட தகடுகளை நீக்கினார். சக்கரங்களின் மேலுள்ள மூடிகளை நீக்கினார். வளைவும் வனப்புமான புகைப்போக்கிக்குப் பதிலாக வாளியைக் கவிழ்த்தாற்போன்ற ஒன்றை வைத்தார். கொதிகலனின் வெப்பம் வீணாகாமலிருக்க அதன்மேல் ஒரு போர்வை சுற்றுவார்கள். அப்போர்வையின்மீது தகடு போர்த்துவார்கள். புல்லீட் பயன்படுத்திய போர்வை கண்ணாடி இழையால் ஆனது, இலேசானது, தகட்டின் எடையை அது தாங்காது. எனவே தகட்டைக் கொதிகலன்மீது சாய்க்காமல் கீழே சட்டத்தின்மீது நிறுத்த நேர்ந்தது. அதனால் உருண்டையாக இருக்க வேண்டிய உடல், கோணம் கோணமாக மடித்த டின்னைப்போல் ஆயிற்று.

1942-இல் வெளிவந்த இவ்வியந்திரத்திற்கு 'கியூ 1' என்று பெயர். மற்றொரு நிறுவனத்தின் புகழ்பெற்ற பொறியாளரான வில்லியம் ஸ்டானியர் இதன் படத்தைக் கண்டதும், விளையாட்டுப் பொம்மை என்று எண்ணியவர்போல், சாவி கொடுக்கும் இடம் எங்கே என்று கேட்டாராம். இப்படி ஒரு செய்தி இரயில் அன்பர்களிடையே வழங்கிவருகிறது. வேறு சிலர் காப்பிப்பானை என்றனர். பிஸ்கட் டின் என்றனர்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 51 டன். ஆறு சக்கரங்களை மட்டுமே கொண்ட இவ்வகை நீராவி இயந்திரங்களுள் பிரிட்டனிலேயே அதிக இழுவலிமை உடையது இதுதான். கூடுதல் உறுப்புகள் இல்லாததால், பயணிகள் பெட்டிகளைக் கழுவும் பொறிக்குள்ளேயே இதனையும் ஓட்டிச் சென்று கழுவிவிடலாம். மற்ற இயந்திரங்களை மனிதர்கள் ஏறி நின்று எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அதற்கு ஆள் ஏது? குறையும் இருந்தது. எடை குறைவு என்பதால், தடையற்ற பெட்டிகளைக் கோத்த நீண்ட சரக்கு வண்டியை இறக்கத்தில் நிறுத்துவது எளிதாக இல்லை. இதனையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மொத்தம் 40 இயந்திரங்கள் கட்டப்பட்டன. போருக்கென அவசரத்தில் பிறந்த அவை, போர் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அதாவது 1960-களின் நடுப்பகுதி வரை உழைத்தன. முதல் இயந்திரமான 'சி 1' இங்கிலாந்தின் தேசிய இரயில்வே அரும்பொருளகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

கியூ 1-இன் விசித்திரம் வெளித்தோற்றத்தோடு நின்றது. ஓட்டுநரும் பயர்மேனும் வழக்கம்போல் பின்னால் ஒன்றாகவே நின்றனர். இனி வருபவை அப்படிப்பட்டவை அல்ல. இவற்றில் உருவம் மாறியபோது மனிதன் நிற்கும் இடமும் மாறியது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் 'ஆந்திரசைட்' என்னும் கடினமான நிலக்கரி தோண்டப்படுகிறது. நல்ல கரியை விற்றபின், தூளும் கல்லும் கலந்த கழிவு மலைமலையாய்க் குவிந்து கிடந்தது. விலையற்ற அக்கழிவை எரித்து வண்டி ஓட்டினால் எவ்வளவு இலாபம்! ஆனால் அது மெதுவாக எரியும். அகன்ற அடுப்பில் மெல்லிய படுகையாகப் பரப்பினால்தான் போதிய வெப்பம் தரும். 1877-ஆம் ஆண்டளவில் ஜான் வூட்டன் என்பவர், சக்கரங்களுக்கு மேலேயே இருபுறமும் அகன்று நிற்கும் பெரிய அடுப்பை அமைத்தார். அடுப்பு அகலமாகவே, பின்னால் ஓட்டுநர் அறைக்கு இடமில்லாமற் போயிற்று. நின்றாலும் முன்னே பாதை தெரியாது. என்ன செய்தனர்? ஓட்டுநர் அறையைத் தூக்கிக் கொதிகலனின் நடுமுதுகில் வைத்துவிட்டனர். திமில் எழுந்த ஒட்டகத்தைப்போல் தோன்றியதால், 'ஒட்டக முதுகு' என்றே மக்கள் அழைத்தனர்.

ஓட்டுநர், கொதிக்கும் கொதிகலனுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய சந்தில் அமர்ந்தார். அவருக்குக் கீழே, சக்கரங்களை இணைக்கும் கனத்த இரும்புத் தண்டுகள் சுழன்றுகொண்டிருந்தன. ஓடும்போது ஒரு தண்டு முறிந்துவிட்டால், அது சாட்டையைப்போல் மேலெழுந்து ஓட்டுநர் அறையை அடித்து நொறுக்கும். பயர்மேனோ பின்னால், அடுப்பின் வாயருகே தனியே நின்றார். அவருக்குப் பெயரளவில் ஒரு சிறு கூரை. மழையும் பனியும் அவர்மீதே. முன்னால் அடுப்பின் அனல், பின்னால் குளிர்காற்று. இருவரும் ஒருவரோடொருவர் பேச வழியில்லை. ஓட்டுநர் மயங்கி வீழ்ந்தாலும் பயர்மேனுக்கு உடனே தெரியாது. கழிவுக் கரியால் நிறுவனத்திற்கு மிச்சமானது பணம். அதன் விலையைச் செலுத்தியவர்கள் இவ்விருவரே என்று நாம் கூறுவோம். பின்னாளில் அமெரிக்க அதிகாரிகள் இவ்வகை இயந்திரங்களைப் புதிதாகக் கட்டுவதற்குத் தடை விதித்தனர். எனினும், ஏற்கெனவே கட்டப்பட்டவை 1950-கள் வரை ஓடிக்கொண்டிருந்தன.

இதற்கு நேர்மாறான கதை அதே அமெரிக்காவின் மறுகரையில், கலிபோர்னியாவில் நடந்தது. அங்கே சியரா நெவாடா என்னும் உயர்ந்த மலைத்தொடரைக் கடந்து 'சதர்ன் பசிபிக்' நிறுவனத்தின் இரயில் சென்றது. குளிர்காலத்தில் அம்மலையில் வீடு புதையுமளவிற்குப் பனி பெய்யும். பாதையைக் காக்க, மைல் கணக்கில் மரத்தாலான கூரைக்கொட்டகைகளைப் பாதையின்மேல் கட்டியிருந்தனர். இடையிடையே குகைவழிகளும் இருந்தன. பெரிய இயந்திரங்கள் நீண்ட வண்டியை இழுத்துக்கொண்டு மெல்ல ஏறும்போது, புகைப்போக்கி கக்கும் புகையும் அனலும் கூரையில் மோதித் திரும்பி, பின்னாலிருக்கும் ஓட்டுநர் அறைக்குள்ளேயே புகுந்தன. ஓட்டுநரும் பயர்மேனும் மூச்சுத் திணறினர். இரப்பர்த் தாள்களைப் புகைபோட்டு உலர்த்தும் அறைக்குள் சென்று வந்த பெற்றோர்களுக்கு இந்நிலையை நாம் விளக்க வேண்டுவதில்லை. அவர்கள் கதவைத் திறந்து வெளியே வந்துவிடலாம். ஓடும் வண்டியிலிருந்து எங்கே வெளியேறுவது?

விடை மிக எளிதாக இருந்தது. இயந்திரத்தையே திருப்பிப் போட்டனர்! ஓட்டுநர் அறை முன்னால். கொதிகலன் அதன் பின்னால். புகைப்போக்கி அதற்கும் பின்னால். புகை எவ்வளவு வந்தாலும் ஓட்டுநரைக் கடந்தபின்தான் வரும். முன்பே யாரும் ஏன் இதனைச் செய்யவில்லை என்று மாணவர்கள் கேட்கலாம். கரியே தடையாக இருந்தது. அடுப்பு முன்னால் வந்துவிட்டால், கரிப்பெட்டி நெடுந்தூரம் பின்னால் போய்விடும். அங்கிருந்து மண்வெட்டியால் கரி அள்ளிவர முடியுமா? ஆனால் கலிபோர்னியாவில் கரிக்குப் பதில் எண்ணெயை எரித்தனர். பின்னாலுள்ள தொட்டியில் சிறிதளவு காற்றழுத்தம் கொடுத்தால், எண்ணெய் குழாய் வழியே முன்னாலுள்ள அடுப்பிற்குத் தானே வந்து சேரும்.

இவ்வகை இயந்திரங்களைப் பால்டுவின் தொழிற்சாலை 1910-ஆம் ஆண்டளவிலிருந்து கட்டித் தந்தது. முகமே இல்லாத உருவம். தட்டையான சுவரில் சன்னல்கள் மட்டும். மாட்டை வண்டிக்குப் பின்னால் பூட்டியதுபோல் இருந்தது என்று நாம் கூறினால் மிகையாகாது. முதலில் தொழிலாளரும் அஞ்சினர். முன்பெல்லாம் எதிரே ஏதேனும் மோதினால், கொதிகலன் கேடயமாக நின்றது. இப்போது முன்னால் நிற்பவர்கள் அவர்களே. அவ்வச்சம் பொய்யன்று. எனினும் நாள்தோறும் மூச்சுத் திணறுவதைவிட, பாதையைத் தெளிவாகக் கண்டுகொண்டு நல்ல காற்றைச் சுவாசிப்பது மேல் என்பதை அனுபவத்தில் உணர்ந்தனர். இருநூறுக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் இவ்வாறு கட்டப்பட்டன. 1944-இல் கட்டப்பட்ட கடைசி இயந்திரமான 4294-ஆம் எண், 120 அடிக்கும் மேற்பட்ட நீளத்துடன் சேக்ரமெண்டோ நகரின் இரயில் அரும்பொருளகத்தில் இன்றும் நிற்கிறது.

இங்கிலாந்திலிருந்த புல்லீட்டும், வண்டியின் முன்னே நிற்கும் ஓட்டுநர் அறையை விரும்பினார். ஒன்றன்று, இரண்டு வேண்டுமென்றார். முனைக்கு ஒன்றாக வைத்துவிட்டால், வண்டியைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. 1949-இல் 'லீடர்' என்னும் பெயரில் அவருடைய இயந்திரம் வெளிவந்தது. கொதிகலனும் கரியும் நீரும் அடுப்பும் யாவும் ஒரே நீண்ட பெட்டிக்குள் அடங்கியிருந்தன. பார்த்தால் சரக்குக் கொட்டகை ஒன்று சக்கரம் பூட்டிப் புறப்பட்டதுபோல் இருக்கும். கீழே மும்மூன்று அச்சுகள் கொண்ட இரண்டு சக்கரத் தொகுதிகள். சங்கிலிகள் அச்சுகளை இணைத்தன. உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல நடைவழி வேண்டியிருந்ததால், கொதிகலனை ஒருபுறம் ஒதுக்கினர். எடை ஒருபுறம் சாய்ந்தது. அதனைச் சரிசெய்ய மறுபுறத்தில் பழைய இரும்பைப் பாரமாக ஏற்ற வேண்டியதாயிற்று. சுமார் 100 டன்னாக இருக்க வேண்டியது 130 டன்னாகப் பெருத்தது.

இரண்டு முனைகளிலும் ஓட்டுநருக்கு அறை கிடைத்தது. பயர்மேனுக்கு? அடுப்பு நடுவிலே இருந்தது. ஆகவே அவர் வண்டியின் நடுவே, நான்கு புறமும் அடைபட்ட அறையில் தனியே நின்று கரி அள்ளினார். சோதனை ஓட்டங்களின்போது அவ்வறையின் வெப்பம் ஏறக்குறைய 50 பாகை செல்சியசை எட்டியது. வண்டி கவிழ்ந்தால் வெளியேற முடியுமா என்னும் அச்சமும் அவருக்கு இருந்தது. ஒட்டக முதுகு இயந்திரத்தின் பயர்மேன் மழையிலே நின்றார். இவருக்கு மழையாவது கிடைத்திருக்கலாகாதா என்று எண்ணத் தோன்றுகிறது. புல்லீட் திறமைசாலி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஓட்டுநரின் வசதிக்காக அவர் செலவிட்ட சிந்தனையில் ஒரு பங்கையேனும் நடுவறையில் நின்றவருக்காகச் செலவிட்டிருக்கலாம்.

சோதனைகள் 1950-ஆம் ஆண்டின் இறுதி வரை நீண்டன. அதற்குள் புல்லீட் அயர்லாந்து இரயில் துறைக்குச் சென்றுவிட்டார். கட்டத் திட்டமிட்ட ஐந்தில் ஒன்று மட்டுமே ஓடியது. மற்றவை அரைகுறையாய் நின்றன. 1951-இல் அனைத்தும் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. இன்று அதன் நிழற்படங்களே எஞ்சியுள்ளன.

ஆனால் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை என்னும் எண்ணம் அழியவில்லை. டீசலிலும் மின்சாரத்திலும் ஓடும் வண்டிகளுக்கு அடுப்பில்லை ஆதலால், அவற்றில் அது எளிதாகவே பொருந்தியது. விடுமுறையில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு மின்இரயிலில் செல்லும் மாணவர்கள், இறங்கியதும் மேடையில் நடந்து சென்று வண்டியின் இரண்டு முனைகளையும் பார்த்து வாருங்கள். இரண்டிலும் ஒரே முகம், ஒரே ஓட்டுநர் அறை இருக்கும். நடுவே பயணிகள் அமர்ந்திருப்பார்கள். கரி அள்ளுவதற்கென்று ஓர் அறை இராது.